பதினேழாம் மண்டலமும் டிரைவர் அண்ணனும்

டிரைவர் அண்ணன் ஜீப்பை எங்கே நிறுத்தினாலும் அதன் முகம் மேட்டைப் பார்த்துத்தான் இருக்கும். டெலானிபூர்ச் சரிவில் இருந்த எங்கள் அலுவலக வாசலில் இரண்டு வண்டிகள் விலகவே இடம் போதாது. அங்கும் முன்னே போய்ப் பின்னே வந்து, நான்கைந்து தடவை ஸ்டியரிங்கை ஒடித்து, ஏற்றத்தை நோக்கி நிறுத்திய பிறகுதான் சாவியை எடுப்பார். மீன் வாங்க நின்றாலும் அப்படித்தான், டீசல் போட நின்றாலும் அப்படித்தான். மற்ற டிரைவர்கள் டீக்கடையில் இருந்தபடி, "பஸ் கரோ பாய், காடி பாக் நஹீ ஜாயேகீ" என்று கேலி செய்வார்கள். போதும் விடப்பா, வண்டி ஓடிவிடாது என்பது அதற்கு அர்த்தம். அவர் சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். முதல் வாரத்தில் நானும் காரணம் கேட்டேன். "பழக்கமாப் போச்சு மேடம்" என்றார். அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

என் வாப்பாவுக்கு அபர்டீன் பஜாரில் குடைக்கடை. வருடத்தில் பாதி நாள் மழை பெய்யும் ஊரில் குடை விற்றே எங்களைப் படிக்க வைத்தார். நான் கடலுக்கு அப்பால் மெயின்லேண்டில் கம்ப்யூட்டர் படித்துவிட்டுத் திரும்பி வந்தபோது, இங்கே எனக்கு ஏற்ற வேலை இருக்குமென்று யாரும் நம்பவில்லை. ஆனால் ஓர் அரசு அலுவலகம் போர்ட் பிளேருக்கென்று ஒரு திட்டம் தயாரிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. ஊருக்குப் புதுப் பெயர் வந்த பிறகும் எங்கள் வாயில் அது போர்ட் பிளேர்தான். கடல் பொங்கும் என்று எச்சரிக்கை வந்தால், தாழ்வான இடங்களில் இருக்கும் அத்தனை பேரையும் எந்தச் சாலை வழியாக, யாருக்குப் பின் யாரை, எந்த மேட்டுக்கு ஏற்றுவது என்பதுதான் கேள்வி. கேட்க எளிதாக இருக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் இந்த ஊரின் சாலைகள் பத்து நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். மேடு பக்கத்திலேயே இருந்தும் மேட்டை அடைய முடியாத ஊர் இது.

சாலைகளை அளக்க எனக்கு ஒரு ஜீப்பையும், கூடவே டிரைவர் அண்ணனையும் கொடுத்தார்கள். நாற்பதைத் தாண்டிய, ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். அவருடைய தாய் தகப்பன் இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். வரைபடத்தில் இருபது அடி என்று போட்டிருக்கும் சாலை எந்த வளைவில் பன்னிரண்டு அடியாகச் சுருங்குகிறது, எந்தப் பள்ளி விடும்போது எந்தச் சந்திப்பு நின்றுபோகிறது, சென்னைக் கப்பல் வரும் நாளில் ஹேடோ பக்கம் எவ்வளவு ஆட்டோ குவியும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். நான் மடிக்கணினியில் குறித்துக்கொண்டே வருவேன். குட்வில் எஸ்டேட் பக்கம் ஓர் இறக்கத்தில் ஒருமுறை வண்டியை நிறுத்தி, "இந்த எடத்துல மழை பேஞ்சா டூ வீலர் எல்லாம் சறுக்கும் மேடம். ஒருத்தன் விழுந்தா பின்னாடி வர்றவன் பூரா நிப்பான். அதையும் எழுதிக்கங்க" என்றார். அப்படி அவர் சொல்லி எழுதியவை எந்த அலுவலகக் கோப்பிலும் இருந்ததில்லை.

நான் என்ன செய்கிறேன் என்று அவர் ஒரு நாள் கேட்டார். சொன்னேன். முதலில் கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு நூற்றுக்கணக்கான திட்டங்களை உண்டாக்கும். ஒவ்வொன்றையும் உள்ளே இருக்கும் ஒரு பொம்மை ஊரில் ஓட்டிப் பார்க்கும். தண்ணீர் வருவதற்குள் எந்தத் திட்டத்தில் அதிகம் பேர் மேடேறினார்களோ அவற்றை வைத்துக்கொள்ளும். மற்றவற்றைத் தூக்கிப் போட்டுவிடும். மிஞ்சியவற்றை இரண்டிரண்டாகக் கலந்து புதிய திட்டங்களைப் பிறப்பிக்கும், அங்கங்கே சின்ன மாற்றம் செய்யும், மறுபடி ஓட்டும். இப்படித் தலைமுறை தலைமுறையாகப் போனால், மனிதர் யாருக்கும் தோன்றாத ஒரு நல்ல திட்டம் கடைசியில் வந்து நிற்கும். உயிர்கள் உலகத்தில் வளர்ந்த விதத்தைப் பார்த்துச் செய்தது இது என்றேன். அவர் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, "எங்க தோட்டத்துல ரப்பருக்கு ஒட்டு கட்டுவாங்க. நல்லாப் பால் தர்ற மரத்துல இருந்து எடுத்து இன்னொண்ணுல வைக்கிறது. அது மாதிரியா?" என்றார். கிட்டத்தட்ட அதேதான் என்றேன். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், "ஒட்டு சேராத கன்னையெல்லாம் புடுங்கிக் கும்பலாப் போட்டிருப்பாங்க மேடம்" என்றார், சாலையைப் பார்த்தபடியே.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காலையில் வந்து ஓட விட்டால், மதியச் சாப்பாட்டுக்குள் நூறு தலைமுறை கடந்திருக்கும். திரையில் ஊர் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள் ஊர்ந்து மேடேறும். ஏறியவை பச்சை, தண்ணீருக்குள் மாட்டியவை சிவப்பு. முதல் தலைமுறைகளில் திரை முழுதும் சிவந்திருக்கும். போகப் போகச் சிவப்பு வடியும். அந்தக் காட்சியை எழுந்துபோக மனமில்லாமல் பார்த்துக்கொண்டே இருப்பேன். சில வாரங்களுக்குப் பிறகு, எத்தனை தடவை புதிதாகத் தொடங்கினாலும் ஏறக்குறைய ஒரே திட்டம்தான் ஜெயித்துக்கொண்டிருந்தது. ஊர் முழுக்கப் பச்சை. கடலோரமாக ஒரே ஓர் இடத்தில் மட்டும் சிவப்பு, அசையாமல்.

அது பதினேழாம் மண்டலம். ஊரின் நிஜப் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் செங்குத்தான மேடு, நடுவே தகரக் கூரை வீடுகள். மீன்பிடிக்கும் தெலுங்குக் குடும்பங்கள், கொஞ்சம் வங்காளிகள், கொஞ்சம் நம் தமிழ் ஆட்கள். வெளியேற ஒரே ஒரு சந்து. அந்தச் சந்து போய்ச் சேரும் சந்திப்பு வழியாகத்தான் இரண்டு பள்ளிகளும் ஓர் ஆஸ்பத்திரியும் காலியாக வேண்டியிருந்தது. பதினேழு அதற்குள் நுழைந்தால் சந்திப்பு அடைத்துக்கொண்டு பின்னால் வருகிறவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். பதினேழைக் கடைசி வரை பிடித்து வைத்தால் மற்ற எல்லோரும் பிழைக்கிறார்கள். இதை நான் எங்கேயும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆயிரக்கணக்கான திட்டங்களைப் பிறப்பித்து, ஆயிரக்கணக்கானவற்றைக் கொன்று, கம்ப்யூட்டர் தானாகக் கண்டுபிடித்திருந்தது. முதலில் பிழை என்று நினைத்துத் தேடினேன். பிழை இல்லை என்று தெரிந்ததும் எனக்கு வந்தது துக்கமல்ல, பெருமிதம். என் புரோகிராம் எவ்வளவு கூர்மையாக வேலை செய்திருக்கிறது என்ற பெருமிதம். அதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

டைரக்டரிடம் காட்டினேன். மெயின்லேண்டிலிருந்து வந்த நல்ல மனிதர், எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுவார். திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, எந்தத் திட்டமும் முழுமையாக இருக்காது என்று இந்தியில் மெதுவாகச் சொன்னார். அறிக்கையில் அந்தச் சிவப்பை 'மீதி' என்ற தலைப்பில் ஒரு வரியாகப் போடச் சொன்னார். போட்டேன்.

அன்று மாலை, லாக் புக்கில் கையெழுத்து வாங்க டிரைவர் அண்ணன் என் அறைக்கு வந்தார். திரையில் அந்தத் திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நான் கையெழுத்துப் போட்டு நீட்டிய புத்தகத்தை அவர் வாங்கவில்லை. "இந்தச் செவப்பெல்லாம் யாரு மேடம்?" என்றார். பதினேழு என்றேன். காரணத்தையும் சொன்னேன். அந்தச் சந்திப்பு, அந்தப் பள்ளிகள், பிடித்து வைத்தால் மற்றவர் பிழைப்பது, எல்லாம். அவர் குனிந்து, திரையில் கடைசிப் பச்சைப் புள்ளி மேடேறும் வரை பார்த்தார். பிறகு சிவப்பைப் பார்த்தார். "சரியான பிளான்தான்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். அவர் குரலில் கிண்டல் இல்லை. அதனால்தான் எனக்கு உறுத்தியது.

இரண்டு நாள் கழித்து ஃபெரார்கஞ்ச் பக்கம், மக்களைத் தங்க வைக்க ஏற்ற இடம் பார்க்கப் போனோம். வயல்களைத் தாண்டும் இடத்தில், நான் கேட்காமலேயே சொல்லத் தொடங்கினார்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. அவருக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். அவருடைய மனைவியும் மூன்று வயது மகளும் கரையோர லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றான மாமியார் வீட்டில் இருந்தார்கள். பூமி ஆடியது. மேல் லயத்து ஆட்கள் வெளியே ஓடி வந்தார்கள். கடல் உள்வாங்குவதைக் கண்டு யாரோ கத்த, எல்லோரும் டிராக்டரின் பின்னால் ட்ரெய்லரில் ஏறிவிட்டார்கள். கிழவிகள், கைக்குழந்தைகள், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி. பாதை இரண்டாகப் பிரியும் இடம் ஒன்று உண்டு. இடப்பக்கம் இறங்கினால் கரையோர லயம். வலப்பக்கம் ஏறினால் குன்று.

"லெஃப்ட்ல எறங்குனா ட்ரெய்லரைத் திருப்ப எடம் கெடையாதுங்க. ரிவர்ஸ்லதான் வரணும். பின்னாடி அத்தனை பேரும் கத்துறாங்க, ஜல்தி ஜல்தின்னு. நான் ஏத்தத்துல விட்டேன். மேல போயி எறக்கி விட்டுட்டுத் திரும்பிப் பாத்தா, லயம் இல்ல. தென்னை மரம் மட்டும் தண்ணிக்குள்ள நின்னுச்சு."

அவரே தொடர்ந்தார். "கேம்ப்ல இருந்தப்போ ஒவ்வொருத்தரா வந்து என் காலைத் தொட்டாங்க. நீ செஞ்சதுதான் சரி, நீ கீழ போயிருந்தா நாங்க யாரும் இல்லைன்னாங்க. அந்தப் பிள்ளைத்தாய்ச்சிக்குப் பையன் பொறந்து இப்ப காலேஜ் படிக்கிறான். தீவாளிக்குத் தீவாளி போன் பண்ணுவான். எல்லாரும் சரின்னுதான் சொல்றாங்க மேடம். இருபது வருசமா அது சரியாவே இருக்கு."

அந்த நாட்களில் நிக்கோபார் ஆட்களைக் கப்பலில் கொண்டு வந்து எங்கள் பள்ளியில் தங்க வைத்திருந்தார்கள். நான் அப்போது சிறுமி. பள்ளி முற்றத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்த பெரியவர்களை, உம்மா கொடுத்தனுப்பிய சோற்றுப் பாத்திரத்தோடு தூரத்திலிருந்து பார்த்தது நினைவிருக்கிறது. யாரும் உட்காரவில்லை. அவர்களில் ஒருவராக அவர் நின்றிருக்கலாம். அந்த முகங்களை நான் முழுதாக மறந்துவிட்டேன் என்பது அன்றுதான் உறைத்தது.

மறுநாள் கணக்கை மாற்றினேன். எந்த மண்டலத்தையும் மொத்தமாகக் கைவிடும் திட்டத்துக்குக் கடுமையான தண்டனை என்று எழுதினேன். கம்ப்யூட்டர் கீழ்ப்படிந்தது. பதினேழில் பாதி பச்சையானது. பதிலுக்கு ஊரெங்கும் அங்கங்கே சிவப்பு தெறித்தது. பள்ளிச் சாலையில் சில, ஆஸ்பத்திரி வளைவில் சில. மொத்தமாக எண்ணினால் முன்னைவிட அதிகம். தண்டனையைக் கூட்டினால் சிவப்பு இடம் மாறும், குறைத்தால் பதினேழுக்குத் திரும்பும். ஒரு வாரம் முழுக்க இப்படிச் சிவப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றுத் தட்டிலும் அதுதான் தெரிந்தது. வாப்பா கடையை மூடிவிட்டு வந்து, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

டிரைவர் அண்ணன்தான் அதை உடைத்தார். "நீங்க வண்டி ரோட்டுல மட்டும்தானே ஓட விட்டுப் பாக்குறீங்க?" என்றார். ஆமாம், எனக்குக் கொடுத்த வரைபடத்தில் வண்டி ஓடும் சாலைகள் மட்டுமே இருந்தன. அவர் என்னைப் பதினேழுக்கு அழைத்துப் போனார். வீடுகளுக்குப் பின்னால், பழைய தண்ணீர்க் குழாயை ஒட்டி மேட்டின் மேல் ஒரு தடம் ஏறியது. பெரணிச் செடிகள் மூடிக் கிடந்தாலும் தடம் தடம்தான். மூச்சு வாங்க ஏறினோம். உச்சியில், யாரோ ஒரு காலத்தில் போட்ட கம்பி வேலி வழியை அடைத்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அகலமான தெரு, குடியிருப்பு, பாதுகாப்பான உயரம் எல்லாம் இருந்தன. கம்ப்யூட்டர் எத்தனை ஆயிரம் தலைமுறை உழைத்தாலும் இந்தத் தடத்தைக் கண்டுபிடித்திருக்காது. நான் கொடுத்த உலகத்தில் அது இல்லை.

வேலியில் ஒரு கதவு வைக்க நான்கு மாதம் ஆனது. ஒவ்வொரு மேசையாகக் கடிதம் நகர்ந்தது. கடைசியில் டைரக்டரையே அழைத்து வந்து, பளபளக்கும் ஷூவோடு அந்தத் தடத்தில் ஏற வைத்தோம். அந்தச் சந்தில் எல்லோருக்கும் மூத்தவர் ஒரு தெலுங்கு அம்மா, வலை பின்னுகிறவர். அவர் டைரக்டருக்கு முன்னால் விடுவிடுவென்று ஏறி, உச்சியில் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பி, "யஹாங் தக் ஆகே மர்னா ஹை க்யா, ஸாப்?" என்று கேட்டார். இவ்வளவு தூரம் வந்து சாக வேண்டுமா என்ற அந்தக் கேள்வியோடு டைரக்டர் இறங்கிப் போனார். மறு வாரம் கதவு வந்தது.

தடத்தை வரைபடத்தில் சேர்த்து ஓட விட்டேன். பதினேழு நடந்து மேடேறியது. சந்திப்பில் வண்டிகள் தடையில்லாமல் போயின. திரையில் சிவப்பே இல்லை. திரைக்கு வெளியே, நடக்க முடியாதவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். அவர்களை எச்சரிக்கை வந்த முதல் நிமிடங்களிலேயே ஒரு வண்டி ஏற்றிக்கொண்டால் போதும், சந்திப்பு நிறைவதற்குள் தாண்டிவிடலாம். அந்த வண்டி எங்கள் ஜீப் என்று டிரைவர் அண்ணனே சொன்னார். வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடக்கும் கிழவர், கால் ஊனமான பெண், மாதம் நிறைந்தவள் என்று ஒரு காகிதத்தில் எழுதி, அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். மாதத்துக்கு ஒருமுறை போய் அதைத் திருத்திக்கொண்டும் வந்தார்.

மறு வருடம், ஒரு மதிய நேரத்தில் பூமி குலுங்கியது. எங்கள் ஊரில் குலுக்கம் புதிதல்ல. மின்விசிறி ஆடினால் அண்ணாந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்வோம். இது நிற்கவில்லை. அலமாரி சாய்ந்தது. பிறகு எச்சரிக்கைச் சங்கு ஊதியது. திரையில் நான் ஆயிரம் தடவை பார்த்தது ஜன்னலுக்கு வெளியே நடக்கத் தொடங்கியது. பள்ளிகள் வரிசையாக வெளியே வந்தன. சந்திப்பில் வண்டிகள் நின்று நின்று நகர்ந்தன. நான் ஓடி, பதினேழின் உச்சியில் இருந்த கதவுக்குப் போனேன். என் பொறுப்பு அங்கே. கீழிருந்து ஆட்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். தெலுங்கு அம்மா கதவோரம் நின்று ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணினார். தெருப் பக்கமிருந்து ஜீப் வந்து நின்றது. டிரைவர் அண்ணன் காகிதத்தில் எழுதியிருந்த ஒவ்வொருவரையும் தூக்கி இறக்கினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கிழவர் ஒருவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். சிறிது நேரத்தில் தெலுங்கு அம்மா என்னைப் பார்த்து, "ஸப் ஆ கயா" என்றார். எல்லோரும் வந்துவிட்டார்கள்.

ஜீப் அங்கேயே நின்றது, சாவியோடு. அவர் இல்லை.

வேலியோரம் போய்க் கீழே பார்த்தேன். காலியான தகரக் கூரைகளுக்கு நடுவே அவர் மட்டும் நடந்து போய்க்கொண்டிருந்தார். ஓடவில்லை. கடைசி வீட்டைத் தாண்டி, படகு கட்டும் கல்லில் கடலைப் பார்த்து உட்கார்ந்தார். கத்தினேன், காது கேட்கும் தூரமில்லை. போன் செய்தேன். எடுத்தார்.

"எல்லாரும் வந்துட்டாங்களா மேடம்?"

"வந்துட்டாங்க அண்ணே. நீங்க மட்டும்தான் கீழே இருக்கீங்க. ஏறி வாங்க, அல்லாவுக்காக வாங்க."

"பாத்துட்டு வர்றேன்."

"யாரை அண்ணே?"

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டதை மேலிருந்து பார்த்தேன். இணைப்பைத் துண்டிக்கவில்லை. அலைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் கதவைத் தாண்டி இரண்டு அடி இறங்கினேன். தெலுங்கு அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். அவர் பிடித்த இடத்தில் பல நாள் நீலம் பாய்ந்திருந்தது. நானும் இறங்க விரும்பினேனா, அவர் பிடிப்பார் என்று தெரிந்துதான் இறங்கினேனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே போனது. கடல் லேசாக ஏறி, அவர் செருப்பை நனைத்து, திரும்பிப் போனது. அவ்வளவுதான். ஆபத்து நீங்கியதாக அறிவித்தார்கள். மக்கள் சிரித்துக்கொண்டும், பயந்ததற்கு ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டும் இறங்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கு எதிராக அவர் ஏறி வந்தார். என்னருகே வந்து நின்று, "வரல மேடம்" என்றார். கடலைச் சொன்னாரா, மனைவியையும் மகளையும் சொன்னாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வண்டியில் ஏறி என்னை வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

அறிக்கை எழுத வேண்டியிருந்தது. பதினேழாம் மண்டலம், வெளியேறாமல் மீதி இருந்தவர்கள் என்ற கட்டத்தில் சுழியம் என்று எழுதினேன். டைரக்டர் மகிழ்ந்து எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். டிரைவர் அண்ணனும் ஒரு லட்டு எடுத்துக்கொண்டார். அந்தச் சுழியம் பொய் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

சில மாதங்களில் அவர் கச்சாலுக்கே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே போக எல்லோரும் தயங்குவார்கள், உடனே கிடைத்தது. கப்பல் துறைக்கு வழியனுப்பப் போனேன். ஒரு பெட்டி, ஒரு பாய், அந்தக் காகிதம். காகிதத்தை என்னிடம் கொடுத்து, "மூணாவது வீட்டுல அந்தப் புள்ளைக்குக் கொழந்தை பொறந்துருச்சு. பேரை அடிச்சிட்டு வேற யாரையாச்சும் வண்டி ஓட்டச் சொல்லுங்க" என்றார்.

நான் இப்போது மெயின்லேண்டில், இன்னொரு கடற்கரை நகரத்துக்காக அதே வேலையைச் செய்கிறேன். இங்கே கம்ப்யூட்டர்கள் பெரியவை. நூறு தலைமுறைக்கு மதியம் வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் நான் ஒரு விதியைச் சேர்த்திருக்கிறேன். மேடேறும் கூட்டத்தில் சிலர் திரும்பி இறங்குவார்கள். பிள்ளையைத் தேடும் தாய், தாயைத் தேடும் மகன், யாரும் இல்லையென்று தெரிந்தும் போகிறவர். என்னோடு வேலை செய்கிறவர்கள் முதலில் எதிர்த்தார்கள். கணக்கு கெட்டுப்போகிறது என்றார்கள். கெடத்தான் செய்தது. இறங்குகிறவர்கள் வழியை அடைத்தார்கள், சிவப்பு கூடியது. பிறகு தலைமுறைகள் போகப் போகத் திட்டங்கள் வேறு மாதிரி வளர ஆரம்பித்தன. முதலில் குடும்பங்களைச் சேர்த்துவிட்டுப் பிறகு ஏற்றும் திட்டங்கள் பிழைத்தன. பேருந்து பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, வீட்டுத் தெரு வழியாக வந்து மேடேறுகிறது. யாரும் இறங்கத் தேவையில்லாமல் போகிறது. ஆனால் அதற்கு நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்தை யாருடைய பங்கிலிருந்து எடுக்கிறேன் என்ற கேள்வி எனக்குத் தீரவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்குப் போன் செய்தேன். கச்சாலுக்கு இணைப்பு கிடைப்பதே அபூர்வம். நலம் விசாரித்தோம். அங்கேயும் ஒரு ஜீப் ஓட்டுகிறார். பழைய லயம் இருந்த இடத்தில் இப்போது கடல்தான் இருக்கிறது என்றார். என் புதிய வேலையைப் பற்றி ஆர்வமாகச் சொன்னேன். வண்டி முதலில் கீழே போய் வீட்டு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வருவதைச் சொன்னேன். அவருக்கு அது ஆறுதலாக இருக்குமென்று நினைத்தேன்.

"அதுக்கு எவ்ளோ நேரம் கூடுது மேடம்?"

"நாலு நிமிஷம் அண்ணே."

"நாலு நிமிஷம்" என்று திருப்பிச் சொன்னார்.

"அன்னைக்கு மேல போயி எல்லாரையும் எறக்கி விட்டேன்ல" என்றார். "எறக்கிவிட்டு, டிராக்டர் மேல சாஞ்சுகிட்டு ஒரு பீடி பத்த வச்சேன் மேடம். அதைக் குடிச்சு முடிச்சு, காலால அணைச்சேன். அப்புறந்தான் தண்ணி வந்துச்சு."